அறம் நிலைபெறும் வழி

திருக்கோயிலுக்கு நிலமோ பொன்னோ அளிப்பவர் அதனை ஒரு நாளில் அளித்துவிடுகின்றார். அதனைக் காத்தலோ தலைமுறை தலைமுறையாகச் செய்யவேண்டிய பணி. ஈதலினும் காத்தல் அரிது என்பதை நம் முன்னோர் நன்குணர்ந்திருந்தனர். கல்லும் செம்பும் அதற்குச் சான்று பகர்கின்றன.

பெயரிலேயே சோழரைத் தாங்கி நிற்பது பண்டசோழநல்லூர். அவ்வூர் அமைந்த புதுவைப் பகுதியிலேயே உள்ளது வாகூர். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8-ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில், வாகூரில் விளங்கிய வித்தியாஸ்தானத்திற்குச் சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்னும் 3 ஊர்கள் தானமாக அளிக்கப்பெற்றன. வடமொழியிலும் தமிழிலும் பொறிக்கப்பெற்ற செப்பேடு இதனைக் கூறுகின்றது. கொடுத்தவர், பெற்றவர், கொடுத்த பொருள், கொடுத்த நோக்கம் ஆகியவை எழுத்தில் நின்றமையால், ஆயிரம் ஆண்டுகள் கடந்தும் அது கல்விக்கென வைத்த அறம் என்பதில் ஐயம் எழவில்லை. அறத்திற்கு முதற்காவல் தெளிவான சாசனமே.

இரண்டாவது காவல், முதல் குன்றாமை. சோழர் காலத்தில் ஒரு நந்தா விளக்கு எரிக்க 96 ஆடுகள் விடுவது பெருவழக்கு. அவற்றைப் பெற்றுக்கொண்ட மன்றாடி நாள்தோறும் உழக்கு நெய் அளந்துவந்தான். மூத்தவை மடியினும் குட்டிகளால் ஈடுசெய்யப்பட்டு மந்தையின் எண்ணிக்கை குறையாது நின்றது. ஆதலின் அவ்வாடுகளைச் ‘சாவா மூவாப் பேராடு’ எனக் கல்வெட்டுக்கள் அழகுறக் குறிக்கின்றன. விளைவை மட்டும் செலவிட்டு முதலைக் காக்கும் நெறி இதுவேயாம்.

மூன்றாவது காவல், கணக்கு. முதற் பராந்தகனின் ஆட்சியில் 919, 921-ஆம் ஆண்டுகளில் உத்தரமேரூர்ச் சபையார் வகுத்த விதிகள் ஊராட்சி வாரியங்களுக்கு உரியன; எனினும் பொதுப்பொருளைக் கையாளும் அனைவர்க்கும் அவை பொருந்தும். வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி, அவர்தம் நெருங்கிய உறவினரும் மீண்டும் வாரியத்திற்கு வரலாகாது என அச்சபையார் விலக்கினர். ஒருவர் பொறுப்பில் இருக்கும் காலத்தையும் 360 நாட்களாக வரையறுத்தனர்.

பிற்காலச் சட்டங்களும் இத்தடத்திலேயே சென்றன. சென்னை மாகாணத்தில் 1817-ஆம் ஆண்டின் ஒழுங்குவிதி அறக்கொடைகளை அரசின் மேற்பார்வையில் வைத்தது. 1863-ஆம் ஆண்டுச் சட்டம் அப்பொறுப்பினின்று அரசை விலக்கியது. கோயிற்சொத்துக்கள் சீர்கேடுற்றன என்ற முறையீடுகள் பெருகவே, பின்னர் தனி வாரியமும், அதன்பின் அறநிலையத் துறையும் தோன்றின. அங்கு 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஆணையரின் இசைவின்றிக் கோயில் நிலத்தை விற்பதும், அடகு வைப்பதும், ஐந்தாண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு விடுவதும் செல்லா. பிரெஞ்சு ஆட்சி 1954-இல் நீங்கிய புதுவையில், 1972-ஆம் ஆண்டின் இந்து சமய நிறுவனங்கள் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

நீதிமன்றங்கள் திருமூர்த்தியைச் சொத்துரிமை உடைய சட்ட ஆளாகக் கொள்கின்றன. ஆதலின் தருமகர்த்தர் உடைமையாளர் அல்லர், காவலரே ஆவர். கோயிற் பணத்தைத் தம் பணத்தோடு கலவாமை, ஒரு கட்டளைக்கு வந்ததைப் பிறிதொன்றிற்குச் செலவிடாமை, தம்மவர்க்குக் குத்தகையில் சலுகை காட்டாமை, ஆண்டுதோறும் தணிக்கை செய்த கணக்கை ஊரறிய வைத்தல் ஆகியன அவர்தம் கடமைகளாம். கணக்குக் கேட்கும் அன்பரைப் பகைவராக எண்ணாமையும் அவற்றுள் ஒன்று. கேட்பவர் இல்லாத இடத்தில் நல்லவரும் நாளடைவில் தளர்வர்.

இவ்வறத்தைக் காப்பவர் திருவடி தம் தலைமேல் என்று எழுதிவைத்துச் சென்றனர் பழைய கொடையாளர். இன்று விளக்கிற்கு எண்ணெய் அளக்கும் கையும், ஏட்டில் வரவு எழுதும் கையும் அந்த வணக்கத்திற்கு உரியனவாக விளங்குமாக.