எண்ணெய் பட்ட கை

என் காருக்கு நானே இஞ்சின் ஆயில் மாற்றிக்கொள்கிறேன் என்பது களக்காட்டில் வெகு நாள் ரகசியமாகவே இருந்து வந்தது. சென்ற ஆடி மாதம் வெளிப்பட்டுவிட்டது. வண்டிக்கு அடியிலிருந்து என் கால்கள் இரண்டும் நீட்டிக்கொண்டிருந்ததைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிட்டார்.

"என்ன அண்ணாச்சி, கதை எழுதி ஒண்ணும் தேறலியோ?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை; உண்மையான அனுதாபத்தோடு கேட்டார்.

கையில் எண்ணெய்க் கறை இருந்தால் பையில் காசில்லை என்று நம்மவர்கள் அர்த்தம் செய்துகொள்கிறார்கள். இந்த அபிப்பிராயம் எப்போது வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். அது அவ்வளவு பழையதல்ல என்றே எனக்குத் தோன்றுகிறது.

என் தாத்தா மாட்டு வண்டி வைத்திருந்தார். வாழைத்தார் ஏற்றிக்கொண்டு நாங்குநேரி வரையில் போகும். வைக்கோலைக் கருக்கி, அந்தக் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து ஒரு சிரட்டையில் வைத்திருப்பார். அதுதான் வண்டி மை. கடையாணியைப் பிடுங்கிவிட்டு, சக்கரத்தைப் பாதி வெளியே இழுத்து, அச்சில் விரலாலேயே தடவுவார். சக்கரத்துக்குப் பட்டை போட ஆசாரியிடம் போவது உண்டு. மை போட யாரும் யாரிடமும் போனதில்லை. எது ஆசாரி வேலை, எது வண்டிக்காரன் வேலை என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. தாத்தாவின் வலது கை ஆட்காட்டி விரல் நகத்தில் அந்தக் கறுப்பு கடைசி வரையில் போகவே இல்லை. அதற்காக அவர் வெட்கப்பட்டதாகவும் எனக்கு ஞாபகமில்லை.

இந்த விளக்கெண்ணெய் சீமைக்கும் போயிற்று என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். லண்டனில் சார்லஸ் வேக்பீல்டு என்பவர் 1899-ல் எண்ணெய்க் கம்பெனி ஒன்று ஆரம்பித்தார். 1909-ல் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த மோட்டார் எண்ணெயில் ஆமணக்கெண்ணெய் கலந்திருந்தது. ஆமணக்குக்கு இங்கிலீஷில் 'காஸ்டர்' என்று பெயரல்லவா? அதிலிருந்து பிறந்ததுதான் 'காஸ்ட்ரால்' என்ற பெயர். முதல் உலக யுத்தத்தில் பறந்த சுழல் இஞ்சின் விமானங்கள் பலவற்றுக்கும் ஆமணக்கெண்ணெயே ஊற்றினார்கள். இஞ்சின் அதைத் துவானமாக வெளியே துப்பும். பின்னால் உட்கார்ந்திருக்கும் விமானி அதைச் சுவாசிப்பார். அவர்கள் வயிறு என்ன பாடுபட்டிருக்கும் என்பதை நம் வீட்டுக் குழந்தைகளே சொல்லிவிடுவார்கள்.

அமெரிக்காவில் ஹென்றி போர்டு 1908-ல் 'மாடல் டி' வண்டியைக் கொண்டுவந்தார். 1927 வரையில் ஒன்றரைக் கோடி வண்டிகள் செய்தார்கள். அந்த இஞ்சினில் எண்ணெய்க்குப் பம்பு கிடையாது. சுழலுகிற சக்கரம் வாரி அடிப்பதுதான். எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பார்க்கக் கம்பியும் கிடையாது. இஞ்சினுக்கு அடியில், மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு சிறு குழாய்கள். மேல் குழாயைத் திறந்து எண்ணெய் சொட்டினால் போதுமான அளவு இருக்கிறது. கீழ்க் குழாயிலும் சொட்டவில்லையென்றால் இஞ்சின் நாசம். இதைத் தெரிந்துகொள்ள வண்டிக்காரர் மண்ணில் படுத்தே தீரவேண்டும். கம்பெனி கொடுத்த கைப்புத்தகமும் கேள்வி பதிலாகச் சொந்தக்காரருக்காகவே எழுதப்பட்டது. அயோவாவில் சோளம் விதைத்த குடியானவரும் என் தாத்தாவும் இந்த விஷயத்தில் ஒரே ஜாதி.

நம் நாட்டில் மோட்டார் வந்த விதம் வேறு. ஜமீன்தாரும் வக்கீலும் கலெக்டரும் பின் ஸீட்டில் ஏறினார்கள். முன்னால் டிரைவர், அவருக்குக் கீழே கிளீனர் பையன். வண்டிக்கு அடியில் போகிறவன் அந்தப் பையன்தான். கறை அவனோடு நின்றுவிட்டது.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. களக்காட்டுக்குச் சில மைல் தெற்கே, நம்பி கோயில் கொண்டிருக்கும் திருக்குறுங்குடியில் 1877-ல் பிறந்தவர் டி. வி. சுந்தரம் ஐயங்கார். வக்கீலாகவும், பிறகு ரயில்வேயிலும் பாங்கியிலும் இருந்து பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் உதறிவிட்டு மோட்டார் தொழிலில் இறங்கினார். அவர் கம்பெனி 1911-ஐத் தன் பிறந்த வருஷமாகச் சொல்லிக்கொள்கிறது. இரண்டாம் உலக யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் போனபோது, கரியை எரித்து வரும் வாயுவில் பஸ் ஓட்டுகிற அடுப்பை அவருடைய கம்பெனி தயார் செய்து விற்றது. கரி வாயுவில் ஒரு சங்கடம்: சரியாக வடிகட்டாவிட்டால் சாம்பலும் தாரும் இஞ்சினுக்குள் புகுந்து எண்ணெயைக் குழம்பாக்கிவிடும். அந்த நாளில் பஸ் ஓடிற்று என்றால், எண்ணெயின் நிறம் பார்க்கத் தெரிந்த மனிதர்களால்தான் ஓடிற்று. கோயமுத்தூர்ப் பக்கத்து ஜி. டி. நாயுடுவோ, ஆசைப்பட்டு வாங்கிய மோட்டார் சைக்கிளை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் பூட்டியே தொழில் கற்றார்.

1923-ல் அமெரிக்காவில் எண்ணெய் வடிகட்டி வந்தது. மாற்றவேண்டிய தவணை நீண்டது, மறதியும் நீண்டது. 1970-களில் அங்கே எண்ணெய் மாற்றுவதற்கென்றே தனிக் கடைகள் முளைத்தன. இங்கே 1983 டிசம்பரில் மாருதி வந்தபோது, சொந்தக்காரர் பின் ஸீட்டிலிருந்து முன் ஸீட்டுக்கு வந்தார். அது பெரிய மாறுதல்தான். ஆனால் வண்டிக்கு அடியில் மட்டும் அவர் வரவில்லை.

நானும் வந்திருக்கமாட்டேன். திருநெல்வேலியில் ஒரு கடையில் ஆயிலுக்கும் பில்டருக்கும் பில் போட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் அளவுக் கம்பியை உருவிப் பார்த்தால் கன்னங்கரேல் என்றிருந்தது. டீசல் வண்டியானால் புது எண்ணெயும் உடனே கறுத்துவிடும். என்னுடையது பெட்ரோல் வண்டி, தேன் நிறமாக இருக்கவேண்டும். குனிந்து பார்த்தேன். பழைய பில்டரேதான், புழுதியோடு இருந்தது. சண்டை போடத் திரும்பிப் போகவில்லை. எனக்குக் கோபம் கடைக்காரர் மேல் வந்ததைவிட, இத்தனை வருஷமாக ஒரு தடவைகூடக் குனிந்து பார்க்காத என் மேல் ஜாஸ்தியாக வந்தது.

களக்காட்டு மெக்கானிக் ஒருவரிடம் ஸ்பானரை இரவல் வாங்கினேன். இஞ்சினைச் சூடு பண்ணி, அடி நட்டைக் கழற்றி, மூன்று லிட்டருக்குள் வடித்து, புது பில்டர் போட்டு முடித்தபோது, ஒரு நாவல் எழுதி முடித்த கர்வம் வந்தது. ஸ்பானரைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்.

"பழைய எண்ணெய எங்க ஊத்துனிய, அண்ணாச்சி?"

"வாய்க்கால் ஓரத்துல."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அந்தத் தண்ணி எங்க வாழைக்குத்தான் வருது" என்றார்.

மேலே மலையில் 1988 முதல் புலிகள் சரணாலயம். கீழே பச்சையாற்றுப் பாசனம். நடுவில் நான். பழைய எண்ணெய் அபாயகரமான கழிவு என்று 2016-ம் வருஷத்து விதிகள் சொல்கின்றன. அதை நான் படித்தது அதற்கு அப்புறம்தான். தாத்தாவின் சிரட்டையில் மிச்சம் என்று ஒன்று இருந்ததே இல்லை. அவரைப் போலவே நானும் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, அவர் ஒருநாளும் செய்யாத காரியத்தைச் செய்திருக்கிறேன்.

இப்போதெல்லாம் பழைய எண்ணெயை டப்பாவில் பிடித்து அவருடைய பீப்பாயில் கொண்டுபோய் ஊற்றுகிறேன். சுத்திகரிப்புக்கு எடுத்துப் போகிறவர்கள் வருவார்களாம். சில சமயம் சென்ட்ரிங் பலகைக்குத் தடவுகிறவர்கள் முந்திக்கொள்கிறார்கள். கூலியில் நான் மிச்சம் பிடிக்கிற இருநூறு ரூபாய் அவருக்கு வந்திருக்கவேண்டிய பணம். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. போன தடவை டப்பாவை வாங்கிக்கொண்டு, "நட்டுக்கு வாஷர் புதுசு போட்டியளா?" என்று மட்டும் கேட்டார்.

போடவில்லை. வீட்டுக்கு வந்து வண்டியை நகர்த்திப் பார்த்தேன். தரையில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு எண்ணெய் தேங்கியிருந்தது.