இசைத்தட்டு அச்சுகள்

ஒரே ஒலிப்பதிவிலிருந்து வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு ஆலையில், வெவ்வேறு அச்சுத்தகட்டால் அழுத்தி எடுக்கப்பட்ட தட்டுகளைச் சேகரிப்பாளர் தனித்தனி அச்சுகளாகக் கொள்வர். பாடலும் உறையும் ஒன்றாகவே இருந்தாலும் ஓர் அச்சின் ஒலி மற்றதைப் போல இராது. இலங்கையில் புழங்கிய தமிழ் இசைத்தட்டுகளிற் பெரும்பாலானவை இந்தியாவில் அச்சானவை. ஆகவே மன்னாரில் ஒரு வீட்டுப் பரணில் கிடைக்கும் தட்டின் தரத்தை அறியவும் ஆலை அமைந்த கல்கத்தாவிலிருந்தே தொடங்க வேண்டியுள்ளது.

வரலாறு

1902 நவம்பரில் கிராமபோன் கம்பனியின் பிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜான் முதலியோரின் குரலைப் பதிவு செய்தார். மூலப்பதிவுகள் ஜெர்மனியின் ஹனோவர் ஆலைக்குப் போய், தட்டுகளாகக் கப்பலில் திரும்பின. 1908இல் கல்கத்தாவின் சியால்டாவில் ஆலை அமைந்தது. 1928இல் அது டம்டமுக்கு மாறியது. 1931இல் கிராமபோன், கொலம்பியா ஆகிய இரு கம்பனிகளும் இ.எம்.ஐ. ஆக இணைந்தபின், கிராமபோன் கம்பனியின் நாய் முத்திரையும் கொலம்பியாவும் ஒரே குடைக்கீழ் வந்தன. சென்னையில் ஏ.வி. மெய்யப்பனும் கூட்டாளிகளும் நடத்திய சரஸ்வதி ஸ்டோர்ஸ் ஓடியன் தட்டுகளை வெளியிட்டது.

அன்றைய தட்டு அரக்கும் கற்பொடியும் கலந்தது. நிமிடத்துக்கு 78 சுற்று, பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிடம். எஃகு ஊசியைத் தேய்த்துத் தன் பள்ளத்துக்கு ஏற்ப வடிவமைத்துக்கொள்ளவே கற்பொடி சேர்த்தனர். ஆனால் ஊசியை மாற்றாமல் மீண்டும் மீண்டும் ஓட்டியவர்களால் பள்ளமே தேய்ந்தது. நாடகப் பாடகர்களான எஸ்.ஜி. கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாள் ஆகியோரின் தட்டுகள் இன்று கரகரப்பதற்கு ஆலையைவிட ஊசியே பொறுப்பு. இந்தியத் தட்டுகள் இலங்கைக்கு வர வழியும் இருந்தது. 1914இல் தொடங்கிய தனுஷ்கோடி–தலைமன்னார்க் கப்பற்பாதை, இரு கரைகளிலும் ரயிலோடு இணைந்து, சென்னைக்கும் கொழும்புக்கும் இடையே ஆட்களையும் பொருட்களையும் கொண்டுசென்றது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்ததோடு அந்தப் பாதை முறிந்தது.

வைனல் எனும் நெகிழித் தட்டு வந்தபின்னும் டம்டம் ஆலை 78ஐக் கைவிடவில்லை. பீற்றில்ஸ் குழுவின் பாடல்கள்கூட 1960களில் அங்கே 78 சுற்றுத் தட்டுகளாக அச்சாயின. மேல்நாட்டுச் சேகரிப்பாளர் இன்று அவற்றைத் தேடி அலைகின்றனர்.

அச்சை இனங்காணல்

மூலப்பதிவிலிருந்து உலோக எதிர்த்தகடு, அதிலிருந்து தாய்த்தகடு, அதிலிருந்து அச்சுத்தகடு என்று படி இறங்குகிறது. ஒவ்வொரு படியிலும் சிறிது நுணுக்கம் போகிறது. அழுத்த அழுத்த அச்சுத்தகடும் மழுங்குகிறது. எனவே முதலில் எடுத்த தட்டே சிறந்தது.

பாடல் முடியும் பள்ளத்துக்கும் நடுத்தாளுக்கும் இடையிலுள்ள வெற்று வளையத்தை விளக்கொளியிற் சாய்த்துப் பார்த்தால் மூலப்பதிவு எண் தெரியும். இ.எம்.ஐ.யின் இங்கிலாந்து ஹேய்ஸ் ஆலை, ‘கிராமபோன் லிமிடெட்’ என்பதன் ஆங்கிலச் சுருக்க எழுத்துகளையே எண்களாகப் பயன்படுத்தியது: ஜி என்றால் முதல் அச்சுத்தகடு, ஆர் என்றால் இரண்டாவது. லெட் செப்பலின் குழுவின் இரண்டாம் தட்டில் (1969) ‘ஆர்.எல்.’ என்ற கீறல் இருந்தால், அது ஒலிப்பொறியாளர் ராபர்ட் லட்விக் வெட்டிய, ஒலி மிகுந்த அச்சு. பிங்க் ஃபுளொய்ட் குழுவின் 1973 தட்டின் முதல் பிரித்தானிய அச்சை நடுத்தாளிலுள்ள நிறம் நிரப்பிய நீல முக்கோணமே காட்டிக்கொடுக்கும்.

தமிழ்த் தட்டுகளுக்கு இத்தகைய அடையாள ஆய்வு குறைவு. டம்டம் அச்சுகள் எல்லாமே மட்டம் என்ற பேச்சு உண்டு. 1960களின் கனத்த தட்டுகளைக் கேட்டவர் அப்படிச் சொல்லார். பழைய 78களிலிருந்து எடுத்துப் பின்னர் வெளியிட்ட நெடுந்தட்டுகள் பல, இரைச்சலைக் குறைக்கப்போய் குரலின் கூர்மையையும் மழுக்கிவிட்டன. இளையராஜா பாடல்களுக்கு 1980களின் எக்கோ நிறுவன வெளியீடுகளே முதற்தரம்.

ஊசியும் முக்கியம். 78இன் பள்ளத்துக்கு ஏறத்தாழ 75 மைக்ரோன் ஆரமுள்ள முனை வேண்டும். வைனல் ஊசியை அதிலிட்டால் அது பள்ளத்தின் அடியில் உரசி, எந்த நல்ல அச்சையும் கெட்டதாகக் காட்டும்.

கரையோரக் காற்றின் ஈரம் வைனலை அதிகம் பாதிப்பதில்லை. உறையில் பூஞ்சணம் பிடித்து, அது தட்டுக்கும் தாவுவதே கேடு. கோவில் திருநாளிலும் கலியாண வீட்டிலும் ஒலிபெருக்கியோடு ஓடிய தட்டு, பாரமான ஊசிக்கையால் உழப்பட்டிருக்கும். அதை வாங்குவதில் பயனில்லை. இலங்கை வானொலிக்காகப் பெறப்பட்ட தட்டுகளோ பயிற்சிபெற்றோர் கையிற் சுழன்றவை.

இன்றைய நிலை

ஒலிநாடாவின் வரவாலும், உள்நாட்டுப் போரின் இடப்பெயர்வாலும் மன்னாரில் எஞ்சியவை சில. ஆனால் உலகில் வைனல் மீண்டும் அச்சாகிறது.