புழுங்கல் நெல்லும் குடிநோயும்: பூதலூர் நாட்டில் ஒரு சத்தின் வரலாறு

மது குடிப்பதால் உடலுக்கு வரும் கேட்டைக் குறைப்பதற்காகக் கொடுக்கப்படும் சத்துகளில், பயன் மிக உறுதியாக நிறுவப்பட்டது தயமின். வைட்டமின் பி1 என்பது அதன் மறுபெயர். அது கண்டறியப்பட்டது மதுவை ஆராய்ந்தபோது அன்று, அரிசியை ஆராய்ந்தபோது. தீட்டிய அரிசி உண்டவர்களுக்கு வந்த பெரிபெரி நோயின் காரணத்தைத் தேடிய மருத்துவர்கள், நோய்க்கு மருந்து தவிட்டில் இருப்பதைக் கண்டார்கள். ஆகவே குடிநோயாளிக்குப் போடும் சத்து ஊசியின் வரலாறு, நெல் விளையும் நாடுகளின் வரலாற்றோடு சேர்ந்தே நடக்கிறது. தஞ்சாவூருக்கும் திருச்சிக்கும் இடையே, கல்லணையைத் தன் எல்லைக்குள் கொண்ட பூதலூர் வட்டம் அப்படிப்பட்ட நெல் நாடு.

நெல் அவித்த வீடுகள்

1934-ல் மேட்டூர் அணையும் கல்லணைக் கால்வாயும் பயனுக்கு வந்தன. புது ஆறு என்று ஊரார் சொல்லும் அந்தக் கால்வாயால், காவிரியின் பழைய பாசனம் எட்டாத மேட்டு நிலங்களும் நன்செய் ஆயின. இங்கே விளைந்த நெல்லில் பெரும்பகுதி புழுங்கலாகவே உணவானது. பண்ணையில் உழைத்தவர்களுக்குக் கூலி நெல்லாக அளக்கப்பட்டது. 1952-ல் வந்த தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும் கூலியை நெல் அளவிலேயே வரையறுத்தது. அந்த நெல்லை அவித்துக் குத்துவது அவரவர் வீட்டு வேலை.

நெல்லை இரவு முழுதும் நீரில் ஊறப்போடுவார்கள். காலையில் நீரை வடித்து, அண்டாவில் அடித்தண்ணீர் மட்டும் வைத்து அவிப்பார்கள். ஆவி மேலே வந்து உமி இலேசாக வாய் பிளக்கும்போது இறக்கிக் களத்தில் கொட்டுவார்கள். பிறகு வெயிலில் காலால் சால் சாலாகத் துழாவிக்கொண்டே இருக்க வேண்டும். அளவுக்கு மீறிக் காய்ந்தால் அரிசி நொறுங்கும். ஈரம் நின்றால் புழுக்க வாடை ஏறும். வாயில் ஒரு நெல்லைப் போட்டுக் கடித்து, பதம் பார்த்து அள்ளுவார்கள்.

இந்த வேலையில் கண்ணுக்குத் தெரியாத ஒன்று நடக்கிறது. தயமின் நீரில் கரைவது. பச்சை நெல்லில் அது பெரும்பாலும் தவிட்டிலும் முளையிலும் இருக்கிறது. ஊறி வேகும்போது ஒரு பங்கு அரிசியின் உள்ளே இறங்குகிறது. மாவுப்பொருள் வெந்து இறுகி அதைப் பிடித்துக்கொள்கிறது. பின்னர் எவ்வளவு தீட்டினாலும் முழுவதும் போய்விடுவதில்லை. இந்திய உணவுகளின் சத்து அட்டவணைப்படி, 100 கிராம் தீட்டிய பச்சரிசியில் 0.06 மில்லிகிராம் தயமின் இருக்கிறது. தீட்டிய புழுங்கலரிசியில் 0.21 மில்லிகிராம். மூன்று மடங்குக்கும் மேலான வேறுபாடு. கைக்குத்தல் புழுங்கலில் இன்னும் கூடுதலாக 0.27. தவிட்டில் மட்டும் 2.7.

பச்சரிசி உண்ட நிலவுடைமைக் குடும்பங்களுக்குப் பருப்பும் பாலும் தயிரும் துணை நின்றன. வேறு துணை இல்லாத உழைப்பாளிக்குப் புழுங்கலும், வடித்த கஞ்சியும், பழையசோற்று நீரும் காவலாயின. வடித்த நீரோடு போகும் தயமின் கஞ்சியாகத் திரும்ப வயிற்றுக்கே வந்தது.

குன்னூர் ஆய்வுகள்

ஜாவாத் தீவின் பட்டாவியாவில் டச்சு மருத்துவர் கிறிஸ்தியான் ஐக்மன், தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் முடங்கி விழுவதையும் தவிடு கொடுத்தால் எழுவதையும் கண்டு 1897-ல் எழுதினார். 1912-ல் காசிமிர் ஃபங்க் ‘வைட்டமின்’ என்ற சொல்லை உருவாக்கினார். 1926-ல் ஜான்சனும் டொனாத்தும் அதே ஜாவாவில் தவிட்டிலிருந்து அந்தச் சத்தைப் படிகமாகப் பிரித்தார்கள்.

சென்னை மாகாணத்தில் இந்த ஆராய்ச்சி நீலகிரியில் வேர்விட்டது. 1918-ல் குன்னூரில் ராபர்ட் மெக்கரிசன் பெரிபெரி ஆய்வுப் பிரிவைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து 1928-ல் சத்துணவு ஆய்வுக்கூடமாகி, 1958-ல் ஹைதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய சத்துணவு நிறுவனமாக இருக்கிறது. மெக்கரிசனும் நாரிஸும் 1924-ல் அரிசிக்கும் பெரிபெரிக்கும் உள்ள தொடர்பை விரிவாக எழுதினார்கள். 1935 முதல் அந்தக் கூடத்தை நடத்திய ஆய்க்ராய்ட் 1940-ல் இந்தியாவின் அரிசிச் சிக்கலைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். அவர்கள் காட்டிய வேறுபாடு தெளிவானது. ஆலையில் தீட்டிய பச்சரிசி உண்ட வட ஆந்திரக் கடற்கரையில் பெரிபெரி நிலைத்திருந்தது. புழுங்கல் உண்ட தமிழ் மாவட்டங்களில் அது அரிது. களத்தில் நெல்லைத் துழாவிய பெண்களின் உழைப்பு ஒரு நாட்டை நோயிலிருந்து காத்து வந்தது என்பதை அறிவியல் அப்போது உறுதிப்படுத்தியது.

தயமினை ஆய்வகத்திலேயே செய்து காட்டியவர் ராபர்ட் வில்லியம்ஸ். அமெரிக்க மதபோதகர் வீட்டுப் பிள்ளை. 1886-ல் நெல்லூரில் பிறந்தவர். மணிலாவில் பெரிபெரி வந்த குழந்தைகள் தவிட்டுச் சாற்றால் பிழைப்பதைக் கண்ட பின் கால் நூற்றாண்டு அதிலேயே உழைத்து, 1936-ல் வெற்றி பெற்றார். விலை மலிந்த மாத்திரையும் ஊசியும் அதன் பிறகே கைக்கு வந்தன.

குடிநோயாளியின் மூளை

கார்ல் வெர்னிக்கே 1881-ல் மூன்று நோயாளிகளைப் பற்றி எழுதினார். கண் அசையாமல் நிற்பது, நடை தள்ளாடுவது, மனம் குழம்புவது ஆகிய மூன்றும் அவர்களுக்குச் சேர்ந்து வந்தன. அவர்களில் இருவர் பெருங்குடியர். 1887 முதல் செர்கேய் கோர்சகோவ், நீண்ட நாள் குடித்தவர்களின் நினைவு அழிவதை விவரித்தார். இருவரும் கண்டது ஒரே நோயின் இரு நிலைகள். மதுவே நேராக மூளையைத் தின்கிறது என்றுதான் அன்று நம்பப்பட்டது.

அந்த நம்பிக்கையைத் திருத்தியது ஒரு சிறைமுகாம். 1942-ல் சிங்கப்பூர் வீழ்ந்த பின், சாங்கி முகாமில் போர்க் கைதிகள் தீட்டிய அரிசியையே உண்டு காலம் தள்ளினார்கள். அங்கே மது இல்லை. ஆனாலும் சில வாரங்களில் வெர்னிக்கே சொன்ன அதே குறிகள் தோன்றின. கைதியாக இருந்த மருத்துவர் ஹியூ டி வார்டனர், லென்னாக்ஸுடன் சேர்ந்து 52 நோயாளிகளின் குறிப்புகளை 1947-ல் வெளியிட்டார். கையிருப்பில் இருந்த சிறிதளவு தயமினே பலரை மீட்டது. குடிக்காதவருக்கும் பெருங்குடியருக்கும் ஒரே நோய் வந்ததால், இருவருக்கும் பொதுவான குறை எது என்பது தெளிவாயிற்று.

மது இந்தக் குறையை மூன்று வழியில் உண்டாக்குகிறது. முதலாவது, ஒரு கிராம் சாராயப் பொருள் ஏழு கலோரி தருகிறது; அதில் வைட்டமின் இல்லை. வயிறு நிறைந்ததுபோல் தோன்றிப் பசி மடிகிறது. ஊறுகாயும் கொஞ்சம் கடலையுமே அன்றைய உணவாகிவிடுகின்றன. இரண்டாவது, குடல் தயமினை உறிஞ்சுவதை மது தடுக்கிறது. மூன்றாவது, கல்லீரல் அதைச் சேமிப்பதும் குறைகிறது. ஓர் ஆணுக்கு நாள்தோறும் வேண்டியது ஏறத்தாழ 1.2 மில்லிகிராம். உடலின் மொத்த இருப்பே ஏறத்தாழ 30 மில்லிகிராம். வரவு நின்றால் சில வாரங்களில் தீர்ந்துவிடும். புழுங்கல் விளையும் ஊரில் இருந்தாலும், சோற்றை விட்டவனுக்குப் புழுங்கலின் காவல் கிடையாது.

மதுவிலக்கும் மருத்துவமும்

1937 அக்டோபர் 1-ல் ராஜாஜி அரசு சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. 1948-ல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் காலத்தில் அது மாகாணம் முழுவதற்கும் வந்தது. 1971-ல் விலக்கு தளர்ந்தது, 1974-ல் திரும்பியது, 1981-ல் மறுபடி தளர்ந்தது. 1983-ல் அரசின் மது விற்பனை நிறுவனமான டாஸ்மாக் நிறுவப்பட்டது. 2003 முதல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கே வந்தது. 1987 முதல் கள் தடையில் இருக்கிறது.

கள்ளுக்கும் சாராயத்துக்கும் சத்தில் வேறுபாடு உண்டு. கள்ளைப் புளிக்க வைக்கும் ஈஸ்ட் பி வகை வைட்டமின்களை உடையது. காய்ச்சி வடித்த சாராயத்தில் அவை தங்குவதில்லை. இதனால் கள் மருந்தாகிவிடாது. அதில் உள்ள மதுவும் மதுவே. ஆனால் சாராயத்துக்கு மாறிய குடியரின் உடலில் சத்துக்குறை விரைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

குடியை நோயாகப் பார்த்து மருத்துவம் செய்யும் வழக்கம் தமிழ்நாட்டில் மெல்லவே பரவியது. 1980-ல் சென்னையில் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை அதில் முன்னோடி. காவிரி டெல்டாவின் நோயாளிகளுக்கு 1959-ல் தொடங்கிய தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை பெரும் புகலிடம். குடியை நிறுத்தி நடுக்கத்தோடு வருபவருக்கு எங்கும் பின்பற்றப்படும் விதி ஒன்று: குளுக்கோஸ் ஏற்றுமுன் தயமின் ஊசி போட வேண்டும். குளுக்கோஸை எரிக்கத் தயமின் தேவை. எஞ்சியிருக்கும் துளியும் அதில் செலவானால் மூளை நோய் திடீரென வெளிப்படும். குடல் உறிஞ்சும் அளவு குறைந்திருப்பதால் தொடக்கத்தில் மாத்திரை போதாது. குளுக்கோஸ் பாட்டிலைச் சில நேரம் மஞ்சளாக்குவது அதில் கலக்கும் பி2. மூளையைக் காப்பது நிறமற்ற பி1.

கல்லீரலைப் பற்றிய நம்பிக்கைகள்

மூளையில் கண்ட வெற்றி கல்லீரலிலும் கிடைக்கும் என்று எதிர்பார்த்தார்கள். இன்சுலின் கண்டுபிடிப்பில் பங்குகொண்ட சார்லஸ் பெஸ்ட் 1949-ல், மதுவால் வரும் கல்லீரல் கேட்டுக்கு உணவுக் குறையே காரணம் என்று எலிகளைக் கொண்டு வாதிட்டார். சார்லஸ் லீபர் 1970களில் பபூன் குரங்குகளுக்குப் போதிய சத்துணவோடு மதுவைக் கொடுத்தார். நன்றாக உண்டும் அவற்றின் கல்லீரல் சுருங்கி இறுகியது. நல்ல உணவு மதுவின் நச்சைத் தடுக்காது என்பது அத்துடன் நிலைபெற்றது.

தமிழ்நாட்டில் கல்லீரலுக்கு என்றால் முதலில் நினைவுக்கு வருபவை வயல் வரப்பில் முளைக்கும் கீழாநெல்லியும் கரிசலாங்கண்ணியும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழு 1988-ல், ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமந்தவர்களுக்குக் கீழாநெல்லி கொடுத்து நல்ல பயன் கண்டதாக எழுதியது. பின்வந்த ஆய்வுகளில் அந்த அளவுப் பயன் தெரியவில்லை. அது கிருமியால் வரும் காமாலையைப் பற்றிய ஆய்வு. குடியால் வரும் கேட்டைப் பற்றியதன்று. 1955 முதல் விற்கப்படும் லிவ்.52 மாத்திரையை மதுவால் கல்லீரல் கெட்டவர்களிடம் சோதித்த இலங்கை ஆய்வு 2003-ல் வெளியானது. ஆறு மாதம் சாப்பிட்டவர்களுக்கும் வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் அதில் வேறுபாடு தெரியவில்லை.

சில சத்துகள் தீங்கும் செய்யும். குடிப்பவர் வைட்டமின் ஏ-யை மிகுதியாக உட்கொண்டால் கல்லீரல் மேலும் கெடும். தேவையில்லாமல் சேரும் இரும்பும் அப்படியே.

அரிசியின் இன்றைய நிலை

தஞ்சாவூர் மாவட்டம் 1960-ல் தீவிர வேளாண்மைத் திட்டத்துக்குத் தேர்வானபின் நவீன அரிசி ஆலைகள் வந்தன. திருவாரூரில் முளைத்துத் தஞ்சாவூருக்கு மாறிய நெல் பதன ஆராய்ச்சி மையம், இன்று உணவுத் தொழில்நுட்பக் கல்வி நிறுவனமாக வளர்ந்து நிற்கிறது. அண்டாவில் அவித்த நெல்லை இப்போது கொதிகலன் அவிக்கிறது. புழுங்கலின் அடிப்படைக் காவல் மாறவில்லை. ஆனால் பளிச்சென்ற வெண்மைக்காகக் கூடுதலாகத் தீட்டும் வழக்கம் அதைக் குறைக்கிறது.

ஆஸ்திரேலியா 1991 முதல் ரொட்டி மாவில் தயமின் சேர்ப்பதைக் கட்டாயமாக்கியது. குடிநோயாளிகளின் மூளையைக் காப்பது அதன் வெளிப்படையான நோக்கங்களில் ஒன்று. தமிழ்நாட்டில் 2020-ல் அண்டை மாவட்டமான திருச்சியில் முன்னோட்டமாகத் தொடங்கிப் பின் எங்கும் பரவிய செறிவூட்டிய அரிசியில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் பி12-ம் கட்டாயம் சேர்கின்றன. தயமின் அந்தப் பட்டியலில் இல்லை.

நூற்றாண்டு ஆராய்ச்சி தந்த முடிவு சுருக்கமானது. தயமின் குடிநோயாளியின் மூளையையும் நரம்பையும் காக்கும். காலத்தில் கொடுத்தால் உயிரையும் காக்கும். கல்லீரலைக் காக்கும் மாத்திரை இல்லை. குடியை விடுவதே அதற்கு மருந்து. விட்ட பிறகு தேறிவர வேண்டியது முதலில் வேளாவேளைக்குச் சோறு. அந்தச் சோறு புழுங்கலாக இருப்பது பூதலூர் போன்ற ஊர்களுக்கு முன்னோர் வைத்துப்போன நன்மை.