இணையத்தில் தொண்டூழியம், நேரில் சந்திப்பு: எப்படி ஏற்பாடு செய்வது?

உங்கள் கைப்பேசியில் ஒரு தொண்டூழியர் குழு இருக்கிறதா? தினமும் பேசுகிறீர்கள், சேர்ந்து வேலை செய்கிறீர்கள். ஆனால் எம்ஆர்டி ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்தால்கூட ஒருவரை ஒருவர் அடையாளம் தெரியாது!

"ஒருநாள் எல்லாரும் நேர்ல பார்க்கலாமே" என்று யாராவது சொல்வார். பத்துப் பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார்கள். அதோடு சரி.

அந்த 'ஒருநாள்' உண்மையிலேயே நடக்க என்ன செய்யவேண்டும்? தமிழ் விக்கிப்பீடியாவை எடுத்துக்காட்டாக வைத்துப் பார்ப்போம்.

ஏன் விக்கிப்பீடியா?

அதை எழுதுவது தொண்டூழியர்கள். 2001இல் ஆங்கிலத்தில் தொடங்கியது. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் பிறந்தது.

அதே 2003 அக்டோபரில், ஜெர்மனியின் மியூனிக் நகரில் பங்களிப்பாளர்கள் சிலர் நேரில் கூடினர். அதுவே முதல் விக்கிப்பீடியா சந்திப்பு என்று சொல்லப்படுகிறது. 2005இல் பிராங்பர்ட்டில் 'விக்கிமேனியா' என்ற அனைத்துலக மாநாடு தொடங்கியது. 2023 ஆகஸ்ட்டில் அந்த மாநாடு நம் சிங்கப்பூருக்கே வந்தது.

மாநாடு நடத்த பெரிய ஏற்பாடு வேண்டும். நாம் பேசப்போவது ஒரு மேசை, நாலு நாற்காலி அளவிலான சந்திப்பைப் பற்றி.

எல்லாம் இணையத்திலேயே நடக்கிறதே, நேரில் எதற்கு?

முதல் காரணம், புதியவர்கள். பள்ளிப் படிப்பு முடிந்தபிறகு தமிழில் எழுதாத ஒருவர் தைரியமாக ஒரு கட்டுரை எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சான்று இல்லாததால் அது நீக்கப்படுகிறது. திரையில் வருவது ஒரு வரி அறிவிப்பு மட்டும். "நம்ம தமிழ் சரியில்ல போல" என்று நினைத்து அவர் அப்படியே விலகிவிடலாம்.

அவருடைய தமிழில் ஒரு குறையும் இல்லை. நம்பகமான சான்றைச் சேர்க்கவேண்டும், அவ்வளவுதான். பக்கத்தில் தெரிந்தவர் ஒருவர் உட்கார்ந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் காட்டிக்கொடுத்திருப்பார்.

இரண்டாவது காரணம், உள்ளூர் விஷயங்கள். சிங்கப்பூர்த் தமிழர் பற்றிய தகவல்கள் பல இங்குள்ள நூலக அலமாரிகளில் இருக்கின்றன. 1935இல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய பக்கங்களைத் தேசிய நூலக வாரியத்தின் 'நியூஸ்பேப்பர்எஸ்ஜி' தளத்தில் தேடலாம். ஆனால் அதிலுள்ள சில நாளிதழ்களை நூலகக் கணினியில் மட்டுமே பார்க்க முடியும். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருப்பவரால் அதைச் செய்யமுடியாது. இங்கிருக்கும் உங்களால் முடியும்.

இதற்கு முன்மாதிரியும் உண்டு. சிங்கப்பூரின் 50ஆம் ஆண்டு நிறைவையொட்டி, உள்ளூர்த் தமிழ் இலக்கிய நூல்களை மின்வடிவமாக்கும் பணியில் தொண்டூழியர்கள் நூலக வாரியத்துடன் கைகோத்தனர்.

எங்கே சந்திப்பது?

எம்ஆர்டி நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும். மின் இணைப்பும் இணையமும் வேண்டும். சத்தம் குறைவாக இருந்தால் நல்லது.

• நூலகம்: சான்று தேட இதைவிட நல்ல இடம் இல்லை. விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள தேசிய நூலகத்தில் மேற்கோள் நூல்களைப் பார்க்கலாம். ஆனால் படிக்கும் இடத்தில் கூட்டமாகப் பேச முடியாது. பேசுவதற்குத் தனி அறை கிடைக்குமா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

• சமூக மன்றம்: அறையை வாடகைக்கு எடுக்கலாம். பத்துப் பேருக்கு மேல் வருவார்கள் என்றால் யோசியுங்கள்.

• புளோக்கின் கீழ்த்தளம்: நிகழ்ச்சி நடத்த நகர மன்றத்தின் அனுமதி தேவை.

• உணவங்காடி நிலையம்: அறிமுகத்துக்கும் அரட்டைக்கும் அருமை. மடிக்கணினிக்கு ஆகாது. சாப்பாட்டு நேரத்தில் மேசையைப் பிடித்து வைக்காதீர்கள்!

எப்படி அழைப்பது?

"எப்ப எல்லாருக்கும் வசதி?" என்று கேட்டால் பதிலே வராது. நீங்களே ஒரு தேதியைச் சொல்லுங்கள். மூன்று வாரங்களுக்கு முன்பே சொன்னால் நல்லது. தமிழ் விக்கிப்பீடியர்கள் பொதுவாக உரையாடும் 'ஆலமரத்தடி' பக்கத்திலும் உங்கள் வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களிலும் போடுங்கள்.

அழைப்பு இப்படி இருக்கலாம்:

"சனிக்கிழமை பிற்பகல் 2 முதல் 4 வரை. ஆளுக்கு ஒரு கட்டுரையில் ஒரு சான்று சேர்ப்போம். தமிழ் தட்டச்சு தெரியாதா? பரவாயில்லை, சொல்லித் தருகிறோம். வாசலில் நீலக் குடையோடு நிற்பேன்."

எவ்வளவு நேரம், என்ன வேலை, புதியவர் வரலாமா, உங்களை எப்படிக் கண்டுபிடிப்பது: நான்கும் அதில் உள்ளன. தயங்குபவர்கள் தெரிந்துகொள்ள விரும்புவது கடைசி இரண்டையும்தான்.

அன்று என்ன செய்வது?

முதல் 15 நிமிடம் அறிமுகம். அடுத்து ஒருவர் கட்டுரை ஒன்றைத் திறந்து, சான்று சேர்ப்பது எப்படி என்று காட்டட்டும். உரை வேண்டாம். பிறகு ஒரு மணி நேரம் வேலை. புதியவர் ஒருவருக்குப் பக்கத்தில் அனுபவசாலி ஒருவர் உட்காரட்டும்.

விசைப்பலகை புதியவரின் கையிலேயே இருக்கவேண்டும். "இங்க குடுங்க, நான் செஞ்சிடறேன்" என்று வாங்கிவிட்டால் அவர் கற்றுக்கொள்ளப்போவதில்லை. முழுக் கட்டுரை எழுத ஆசைப்படுபவர் முதலில் தமது 'மணல்தொட்டி' பக்கத்தில் எழுதிப் பார்க்கலாம்.

கடைசி 15 நிமிடம், யார் என்ன செய்தார் என்று பகிர்ந்துகொள்ளுங்கள். ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தியிருந்தாலும் கணக்கில் சேரும்.

மறக்கக்கூடாத நான்கு

1. கணக்குகள்: ஒரே இணைய முகவரியிலிருந்து 24 மணி நேரத்தில் பொதுவாக 6 புதிய விக்கிப்பீடியா கணக்குகளைத்தான் தொடங்கமுடியும். ஒரே வைஃபையில் பத்துப் பேர் முயன்றால் ஏழாவது நபர் மாட்டிக்கொள்வார். வீட்டிலேயே கணக்கைத் தொடங்கிவிட்டு வரச் சொல்லுங்கள்.

2. தனிப்பட்ட விவரங்கள்: பலர் புனைபெயரில் எழுதுகிறார்கள். உண்மைப் பெயரைச் சொல்லும்படி வற்புறுத்தாதீர்கள். வருகைப் பட்டியலில் புனைபெயர் போதும். அடையாள அட்டை எண் வேண்டவே வேண்டாம். சட்டமோ துல்லியமான அடையாளச் சரிபார்ப்போ தேவைப்பட்டால் ஒழிய, அதைக் கேட்கக்கூடாது என்பது 2019 செப்டம்பர் முதல் நிறுவனங்களுக்கே உள்ள விதி.

3. படங்கள்: குழுப்படம் எடுக்குமுன் ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். கட்டுரைக்காக எடுக்கும் படங்களிலும் கவனம் தேவை. கட்டடங்களையும் பொது இடத்தில் நிரந்தரமாக உள்ள சிலைகளையும் படமெடுத்துப் பகிரச் சிங்கப்பூர்ப் பதிப்புரிமைச் சட்டம் இடம் தருகிறது. லிட்டில் இந்தியாவின் சுவரோவியங்களுக்கு அந்த விலக்கு பொருந்தாது. ஓவியரின் அனுமதி வேண்டும்.

4. பாதுகாப்பு: முதல் சந்திப்பு பொது இடத்தில், பகல் நேரத்தில் இருக்கட்டும். மாணவர்கள் வந்தால் பெற்றோருக்குத் தெரிந்திருக்கவேண்டும். யாராவது சங்கடப்படுத்தினால் யாரிடம் சொல்வது என்பதைத் தொடக்கத்திலேயே அறிவியுங்கள்.

இரண்டு பேர்தான் வந்தால்?

வருகிறேன் என்று சொன்ன எட்டுப் பேரில் இரண்டு பேர் மட்டும் வருவது சகஜம். தோற்றுவிட்டதாக நினைக்காதீர்கள். குழுவில் "ஏன் வரல?" என்று கேட்டு யாரையும் கூச்சப்பட வைக்கவேண்டாம். வந்த இரண்டு பேருக்கும் முழு நேரத்தையும் கொடுங்கள். அன்று செய்ததைக் குழுவில் நாலு வரியில் எழுதுங்கள். வராதவர்களும் அதைப் படிப்பார்கள்.

கலைவதற்குமுன் அடுத்த தேதியையும் முடிவு செய்துவிடுங்கள். மாதத்தின் முதல் சனிக்கிழமை, அதே இடம், அதே நேரம் என்று வைத்தால் யாரும் புதிதாகத் திட்டமிட வேண்டியதில்லை. இந்த மாதம் தவறவிட்டவர் அடுத்த மாதம் வரலாம்.

ஏப்ரலில் தமிழ்மொழி விழா வரும்போது பெரிய நிகழ்ச்சி நடத்த ஆசை வரும். நடத்துங்கள். ஆனால் அங்கே ஆர்வத்தோடு பெயர் கொடுத்தவர், மே மாதம் வந்து உட்கார ஒரு மேசை இருக்கவேண்டும்.

சரி, உங்கள் குழுவில் அந்தத் தேதியை யார் முதலில் சொல்லப்போவது?