ஒரு திகதியும் ஐந்து ஆண்டுகளும்

வரலாற்றைத் திகதிகளின் பட்டியலாகவே நம் மாணவர் பலர் மனனஞ் செய்கின்றனர். ஆயின் திகதி தன்னளவில் எதனையும் விளக்குவதில்லை. அதன் பின்னால் இயங்கிய சமூக சக்திகளே விளக்கந் தருவன. ஜேர்மனியின் நவம்பர் 9 இதற்குத் தக்க சான்றாகும்.

1848இல், அந்நாளில், பிராங்பேர்ட் தேசிய சபை உறுப்பினரும் வறிய குடும்பத்திற் பிறந்தவருமான றொபேட் புளும் வியன்னாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்நகரின் புரட்சியாளரோடு தோளிணைந்து நின்றமையே அவர் செய்த குற்றம். எழுபது ஆண்டுகளின் பின், 1918இல், அதே நாளிற் கைசரின் முடிதுறப்பு அறிவிக்கப்பட்டது. நாடாளுமன்றக் கட்டடத்திலிருந்து ஷைடமான் குடியரசைப் பிரகடனஞ் செய்தார். சிறிது நேரத்தின் பின் அரண்மனையிலிருந்து லீப்னெக்ட் சோஷலிசக் குடியரசைப் பிரகடனஞ் செய்தார். ஒரே நகரில், ஒரே நாளில், இரு குடியரசுகள்! தொழிலாளர் இயக்கத்தின் பிளவுக்கு வேறு சான்று வேண்டுவதில்லை. அடுத்த ஜனவரியில் லீப்னெக்டும் றோசா லக்சம்பேர்க்கும் கொலையுண்டனர்.

1848உம் 1918உம் ஒரு நாளிற் பொருந்தியமை தற்செயலே. அடுத்து வந்தவற்றை அவ்வாறு கூறுதல் இயலாது. 1918இன் புரட்சியாளரை 'நவம்பர்க் குற்றவாளிகள்' என இகழ்ந்த ஹிட்லர், 1923இல், அப்புரட்சியின் ஐந்தாண்டு நிறைவன்று மியூனிக்கில் ஆட்சியைக் கைப்பற்ற அணிவகுத்தார். பொலிசாரின் துப்பாக்கிகள் அவரைத் தடுத்தன. நீதிமன்றமோ பரிவு காட்டியது. ஐந்தாண்டுத் தண்டனை பெற்றவர் 1924 டிசெம்பரிலேயே விடுதலையானார்.

அத்தோல்வியை ஆண்டுதோறும் வீரவிழாவாகக் கொண்டாட நாஸிகள் மியூனிக்கிற் கூடினர். 1938இல் அவ்விழாக் கூட்டத்திலேதான் கொயபெல்ஸ் யூதருக்கெதிரான வன்முறையைத் தூண்டிவிட்டார். ஆயிரத்துக்கு மேற்பட்ட யூத வழிபாட்டிடங்கள் அழிக்கப்பட்டன. தீயணைப்புப் படையினர் அயற்கட்டடங்களைக் காக்குமாறு மட்டுமே பணிக்கப்பட்டனர். ஏறத்தாழ 30,000 யூத ஆடவர் கைதாகி வதைமுகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். இழப்புக்குள்ளான யூதர் மீதே நூறு கோடி மார்க் தண்டமும் விதிக்கப்பட்டது.

1989இல், மறுநாள் நடைமுறைக்கு வரவிருந்த பயண விதி உடனடியாகவே செல்லுபடியாகும் என ஷபோவ்ஸ்கி தவறுதலாக அறிவித்தார்; மக்கள் திரண்டனர்; பேர்லின் மதிலின் வாயில்கள் அன்றிரவே திறந்தன. நாள் தற்செயலானது, ஆனால் வாரக்கணக்காக வீதியில் இறங்கிய மக்களின் எழுச்சி தற்செயலன்று.

எனினும் ஒன்றிணைந்த ஜேர்மனி தன் தேசிய நாளாக ஒக்டோபர் 3ஐயே ஏற்றுக்கொண்டது. 1938இன் சாம்பல் மீது விழா எடுத்தல் எங்ஙனம்? அத்தயக்கம் நியாயமானதே. ஆயின் கொண்டாட முடியாத நாளைக் கற்பிக்காதுவிட நமக்கு உரிமையில்லை. 1918இன் பிளவையும் 1924இன் பரிவையும் விளக்காத வகுப்பறையில் 1938 வெறுந் திகதியாகவே எஞ்சும்.