பதினோராம் வகுப்பில் வரும் மிதிவண்டி: பெரம்பலூர், அரியலூர் சாலைகளில் சிறார் பயணம்

சிறாரை நடக்கவும் மிதிவண்டி ஓட்டவும் ஊக்குவிக்க வேண்டும் என்றதும், மாற வேண்டியது அவர்கள் மனம்தான் என்று எடுத்துக்கொள்கிறோம். பேரணி, பதாகை, உறுதிமொழி எல்லாம் அந்த எண்ணத்தில் பிறந்தவை. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களை முன்வைத்து இக்கட்டுரை சொல்ல வருவது வேறு. இங்கே பிழை சிறாரின் விருப்பத்தில் இல்லை. வண்டி கைக்கு வரும் வயதிலும் அது ஓட வேண்டிய சாலையிலும் இருக்கிறது.

முதலில் தூரம். 2011 கணக்கெடுப்பின்படி பெரம்பலூர் நகரின் மக்கள்தொகை 50,000ஐ எட்டவில்லை. அரியலூர் நகரில் 30,000 பேர்கூட இல்லை. நிதானமாக மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் மிதித்தால் 3 கிலோமீட்டரைக் கால் மணி நேரத்தில் கடந்துவிடலாம். இவ்வளவு சிறிய ஊரில் பெரும்பாலான பள்ளிப் பயணங்கள் காலுக்கோ மிதிவண்டிக்கோ எட்டுபவை. சென்னை மாநகராட்சி 2014இல் மோட்டார் அல்லாப் போக்குவரத்துக்கெனத் தனிக் கொள்கை வகுத்தது. அத்தகைய போக்குவரத்து எளிதாகவும் குறைந்த செலவிலும் கைகூடக்கூடிய இடம் இத்தகைய சிறு நகரங்களே.

அடுத்து வயது. தமிழக அரசின் விலையில்லா மிதிவண்டித் திட்டம் 2001இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியருக்கெனத் தொடங்கியது. பின்னர் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்தது. வண்டி கிடைப்பது பதினோராம் வகுப்பில், ஏறத்தாழ 16 வயதில். கியர் இல்லாத, 50 சிசிக்கு மிகாத மோட்டார் வண்டிக்குச் சட்டம் உரிமம் வழங்கத் தொடங்கும் வயதும் அதுதான். ஆறாம் வகுப்பில் பழகியிருக்க வேண்டியது, பைக் ஆசை துளிர்க்கும் ஆண்டில் வந்து நிற்கிறது. பீகார் 2006இல் தொடங்கிய திட்டம் ஒன்பதாம் வகுப்பு மாணவியருக்கானது. அதை ஆராய்ந்த கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும், உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்கள் 32 விழுக்காடு கூடியதாகவும், ஆண்-பெண் சேர்க்கை இடைவெளி 40 விழுக்காடு குறைந்ததாகவும் கண்டனர். பள்ளி 3 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த கிராமங்களில்தான் பலன் மிகுந்தது.

வண்டி சிறு வயதிலேயே கைக்கு வர வேண்டும் என்பதையே நம் ஊர் வழக்கமும் சொல்கிறது. பெரிய சைக்கிளின் பாருக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டவர்கள் பத்து வயதுக்காரர்கள். மணிக்கணக்கில் வாடகை சைக்கிள் எடுத்ததும் அவர்களே. யாரும் அவர்களை ஊக்குவிக்கவில்லை.

மூன்றாவது சாலை. அரியலூர் ஒரு காலத்தில் கடலடியாக இருந்த நிலம். வாரணவாசியின் புதைபடிவ அருங்காட்சியகம் அதற்குச் சான்று. அந்தக் கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்லே இன்று சிமென்ட் ஆலைகளுக்குத் தீனி. சுரங்கத்துக்கும் ஆலைக்கும் இடையே லாரிகள் ஓடுவதோ ஊர்ச் சாலைகளில். பின்னால் ஹாரன் கேட்டதும் சைக்கிளில் போகும் பிள்ளை தார் விளிம்புக்கு ஒதுங்குகிறது. அங்கே தார் முடிந்து மண் நாலு விரல் தாழ்ந்து கிடக்கும். சக்கரம் இறங்கினால் ஹேண்டில்பார் சட்டென்று திரும்பிக்கொள்ளும். இறங்காவிட்டால் தோளை உரசிக்கொண்டு லாரி போகும். பெரம்பலூரில் அந்த லாரிகளின் இடத்தில் இருப்பது சென்னை–திருச்சி நெடுஞ்சாலை. நகருக்கும் அக்கம்பக்கத்து ஊர்களுக்கும் நடுவே விரைவு வாகனங்களைக் கடந்தாக வேண்டும். இதைப் பார்த்த அப்பா பிள்ளையை மொபெட்டில் ஏற்றிக்கொள்கிறார். பள்ளி வாசலில் நெரிசல் கூடுகிறது. நடந்து வரும் பிள்ளைக்கு ஆபத்தும் கூடுகிறது. அச்சம் இப்படித்தான் தன்னைத்தானே வளர்த்துக்கொள்கிறது.

இலவசப் பேருந்து இருக்கிறதே, வெயிலில் எதற்கு சைக்கிள் என்று கேட்கலாம். பேருந்து வேண்டியதே. ஆனால் பேருந்தில் போகும் பிள்ளையும் நிறுத்தம் வரை நடந்தாக வேண்டும். பள்ளி தொடங்கும் காலையில் வெயில் தாங்கக்கூடியதே. மாலைக்கு வேண்டியது வழிநெடுக நிழல். சாலையை அகலப்படுத்தும்போது முதலில் வெட்டுப்படுவது அந்த நிழலைத் தரும் புளியமரம்தான்.

வேறொரு நாடும் இதே அச்சத்தைச் சந்தித்தது. 1971இல் நெதர்லாந்தில் ஏறத்தாழ 3,300 பேர் சாலையில் மாண்டனர். அவர்களில் 400க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். அங்கே மக்கள் திரண்டு கேட்டது பிள்ளைகளுக்கு அறிவுரையை அல்ல, சாலை மாற்றத்தை. நமக்குச் சட்டம் புதிதாக வேண்டியதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 112ஆம் பிரிவு வேகத்தைக் கட்டுப்படுத்தவும், 115ஆம் பிரிவு பொதுமக்கள் பாதுகாப்புக்காக வாகனங்களைத் தடுக்கவும் இடம் தருகின்றன. பள்ளிச் சாலையில் வேகத்தை 50 கிலோமீட்டரிலிருந்து 30க்கு இறக்கினால் மோதலின் ஆற்றல் 36 விழுக்காடாகச் சுருங்கும். பள்ளி கூடும், கலையும் நேரங்களில் கனரக லாரிகளை நிறுத்திவைப்பது, விளிம்பு மண்ணைத் தார் மட்டத்துக்கு உயர்த்துவது, மிதிவண்டியை ஆறாம் வகுப்பிலேயே தருவது ஆகிய மூன்றில் முதல் இரண்டும் மாவட்ட அளவில் தொடங்கக்கூடியவை. மூன்றாவதற்கு மட்டும் மாநில அரசின் ஆணை தேவை.

புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் பெண்களுக்கு சைக்கிள் கற்றுத்தருவதை எழுத்தறிவோடு சேர்த்தது. கிராமத்துப் பெண்கள் பெருந்திரளாகக் கற்றுக்கொண்டனர். நிர்வாகம் தன் வேலை என்று எடுத்துக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்கு அது சான்று. இவ்விரு மாவட்டங்களிலும் அத்தகைய முயற்சி நடந்தால், அதன் வெற்றியைப் பேரணிக்கு வந்த கூட்டத்தை வைத்து அளக்க வேண்டாம். பள்ளி சைக்கிள் நிறுத்தத்தில், சீட்டைக் கடைசி வரை இறக்கி வைத்த வண்டிகள் எத்தனை என்று எண்ணினால் போதும்.