நரம்பு என்னும் ஒரு சொல்

சில ஆண்டுகளுக்கு முன்னர் எம் நண்பரின் தந்தையார், சென்னையில் பேரனின் திருமணத்தை முடித்துக்கொண்டு, ஒரு பகலும் ஓர் இரவும் ரயிலில் அமர்ந்தபடியே வந்து ஹௌராவில் இறங்கினார். மூன்றாம் நாள் அவரது இடக்கால் கெண்டைச்சதை வீங்கிக் கனத்தது. "நரம்பு இழுக்கிறது" என்றார் பெரியவர். அவருக்கு வங்க மொழி வராது; எமக்கு ஓரளவு வரும். ஆகவே அறிந்த மருத்துவர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து, நரம்பை "ஸ்நாயு" என்று மொழிபெயர்த்து நோயை விளக்கினோம். நரம்புக்கு வலுவூட்டும் மாத்திரைகளை அவர் கூறினார். ஐந்து நாட்கள் வீணாயின. வீக்கம் ஏறவே நேரில் அழைத்துச் சென்றோம். காலைத் தொட்டுப் பார்த்தவர் உடனே ஸ்கேன் எடுக்கச் சொன்னார். கெண்டைச்சதையின் ஆழத்தில் ஓடும் சிரை ஒன்றில் குருதி உறைந்திருந்தது. அவ்வுறைவு பெயர்ந்து நுரையீரலை அடைந்திருக்குமாயின் உயிருக்கே கேடு வந்திருக்கும். ஊசி மருந்தால் பெரியவர் பிழைத்தார். "இது ஸ்நாயு அன்று, சிரா" என்று மருத்துவர் கூறியபோது நாம் தலைகுனிந்து நின்றோம். பிழை மொழிபெயர்த்த எம்முடையது.

அன்று முதல் இந்தச் சொல் எம்மை விட்டபாடில்லை. நம் வீட்டுப் பேச்சில் புறங்கையில் நீலமாகப் புடைப்பது நரம்பு. முதுமையில் காலில் முறுக்கிக்கொண்டு தெரிவதும் நரம்பு. குதிகாலுக்கு மேலே கயிறுபோல் விறைத்து நிற்பதும் நரம்பு. யாழில் கட்டியதும், இலையில் ஓடுவதும் அதுவே. காலிலிருந்து வெண்ணூல்போல் வெளிவந்த கினிப்புழுவைக்கூட நம் முன்னோர் நரம்புச் சிலந்தி என்றே அழைத்தனர். (அந்நோய் 1996க்குப் பின் நம் நாட்டில் எவரையும் தொடவில்லை, 2000ஆம் ஆண்டில் இந்தியா அதனின்றும் விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது.) மருத்துவ நூலோ முதல் இரண்டையும் சிரை என்கிறது; குதிகாலின் கயிற்றைத் தசைநாண் என்கிறது; உணர்ச்சியையும் ஏவலையும் கொண்டு செல்லும் வெண்ணிழைக்கு மட்டுமே நரம்பு என்னும் பெயரை அளிக்கிறது.

இதனைத் தமிழின் குறை என்று எவரும் கருதிவிட வேண்டா. கிரேக்கரின் நியூரான் என்ற சொல்லும் முதலில் தசைநாணையும் வில்லின் நாணையுமே குறித்தது. கி.மு. 300ஐ ஒட்டி அலெக்சாந்திரியாவில் மனித உடல்களை அறுத்துப் பார்த்த ஹெரோபிலஸ் என்பவரே நரம்பு வேறு, நாண் வேறு எனப் பிரித்தறிந்தவர். சுசுருதரின் நூலில் ஸ்நாயு என்பது உடலின் மூட்டுகளைப் பிணிக்கும் கட்டு. இன்றைய வங்க மொழியில் அதே சொல் நரம்பைக் குறிக்கிறது. ஆக, சொல்லைப் பிடித்துக்கொண்டு உடலுக்குள் செல்ல இயலாது. வெளியிலிருந்து நோக்கினால் எல்லாம் கயிறுகளே. ஒரு கயிற்றை அதன் இரு முனைவரை பின்தொடர்ந்தாலன்றி அது யாதென்று தெரியாது. தசைநாண் தசையில் தொடங்கி எலும்பில் முடியும். சிரையைத் தொடர்ந்தால் இதயத்திற்குச் செல்வோம். நரம்பைத் தொடர்ந்தால் முதுகுத்தண்டை அடைவோம்.

சுசுருதர் இதனை அறியாதவர் அல்லர். முழுமையான உடல் ஒன்றைப் புல்லாலும் மரப்பட்டையாலும் சுற்றிக் கூண்டில் இட்டு, ஓடும் நீரில் மறைவாக ஏழு இரவுகள் வைத்து, பின்னர் வெட்டிவேர், மூங்கில் முதலியவற்றால் ஆன தூரிகை கொண்டு மெல்லத் தேய்த்து, அடுக்கடுக்காகக் கண்ணால் காணவேண்டும் என்று அவர் விதிக்கிறார். உடலில் 107 மர்மங்கள், அவற்றுள் ஒவ்வொரு காலிலும் 11 என்று எண்ணியும் வைத்தார். ஆயினும் கண்ணால் காணும் வழக்கம் காலப்போக்கில் அருகியது. எண்ணிக்கை மட்டும் மனப்பாடமாக எஞ்சியது.

அவ்வழக்கம் மீண்டும் உயிர்பெற்ற இடம் நம்மில் பலருக்கு மிகவும் பழக்கமானது. பிள்ளைகளுக்குப் பாடநூல் வாங்க ஆண்டுதோறும் கல்லூரித் தெருவுக்குச் செல்கிறோம் அல்லவா? பழைய புத்தகக் கடைகளின் வரிசையைத் தாண்டினால் பருத்த தூண்களோடு நிற்கும் மருத்துவக் கல்லூரியே அது. 1835 ஜனவரி 28ஆம் நாள் பெண்டிங்க் பிரபுவின் ஆணையால் பிறந்தது. (சென்னையின் மருத்துவப் பள்ளி ஐந்தே நாள் இளையது, பிப்ரவரி 2இல் தொடங்கியது.) அங்கே ஆசிரியராக வந்தவர் பண்டித மதுசூதன் குப்தர். வைத்தியர் குலத்தில் தோன்றி, சமஸ்கிருதக் கல்லூரியில் ஆயுர்வேதம் கற்பித்தவர். ஹூப்பரின் உடற்கூற்று நூலை ஆங்கிலத்திலிருந்து வடமொழியில் பெயர்த்தவர். சொற்களை எடைபோட்டு எடைபோட்டு மொழிபெயர்த்த ஒருவருக்கு, அவற்றின் பொருளை நேரில் காணும் ஆவல் எழுந்திருக்க வேண்டும் என்று நாம் ஊகிக்கிறோம்.

1836ஆம் ஆண்டு அவர் கத்தியைக் கையில் எடுத்தார். ஜனவரி 10 என்பது பலரும் கூறும் நாள். அவ்வாண்டு அக்டோபரே என்பாரும் உளர். பேராசிரியர் குடீவ் முன்செல்ல, கல்லூரியின் புறத்தே இருந்த ஒரு கட்டடத்தில் அது நிகழ்ந்தது. பிணத்தைத் தீண்டினால் சாதி போகும் என்றிருந்த காலம். கூட்டம் புகுந்துவிடுமோ என்றஞ்சி வாயிற்கதவுகளை அடைத்தனர் என்பர். வில்லியம் கோட்டையில் பீரங்கி முழங்கிற்று என்றொரு கதையும் உலவுகிறது. எமக்கு அதில் நம்பிக்கை குறைவு. அஞ்சி அஞ்சிச் செய்த காரியத்திற்குப் பீரங்கி எதற்கு? உமாசரண் சேட், ராஜகிருஷ்ண தே, துவாரகாநாத் குப்தர், நவீன்சந்திர மித்ரர் என்னும் நான்கு மாணவர்கள் அவரைப் பின்பற்றினர். கத்தியைத் தொட்ட பண்டிதர் பிற்காலத்தில் ஓவியமாகவும் அக்கல்லூரியில் இடம்பெற்றார். வரையச் செய்தவர் பெத்தூன் துரை. 1856இல் நீரிழிவு நோயின் தொடர்பான நச்சுக் காய்ச்சலால் அவர் மறைந்தார்.

அம்மேசைமேல் ஒரு காலைத் திறந்து காண்போர் யாதொன்றைக் காண்பர்? தொடையின் பின்புறம் பெருவிரல் பருமனில் ஒரு வெண்ணிழை இறங்கும். உடலின் நரம்புகளுள் பருமன் மிக்கது அதுவே. முதுகின் கீழ்ப்பகுதியில் ஐந்து வேர்கள் கூடி உருவாவது. முழங்காலுக்குச் சற்று மேலே அது இரண்டாகப் பிரியும். ஒரு கிளை கெண்டைச்சதைக்குள் புகுந்து உள்ளங்காலை நோக்கும். அக்கெண்டை என்ற பெயரைத்தான் பாருங்கள்: நடுவில் பருத்து இருமுனையும் ஒடுங்கிய தசையை மீனாகக் கண்டான் தமிழன், உரோமானியன் தசையைச் சுண்டெலியாகக் கண்டு பெயரிட்டான். எமக்கு மீனே அழகு. நிற்பதற்கும் நடப்பதற்கும் மட்டுமன்றி, ஒவ்வோர் அடியிலும் சிரைக்குருதியை மேலே பிழிந்து தள்ளுவதற்கும் இத்தசை உதவுகிறது. நெடுநேரம் ஆடாது அமர்ந்தால் குருதி தேங்குவது அதனாலேயே. நம் பெரியவருக்கு நேர்ந்தது அதுதான். 1911இல் மோகன் பாகான் அணியினர், ஒருவர் நீங்கலாக வெறுங்காலோடு, பூட்ஸணிந்த ஆங்கிலப் படையினரை வென்றதும் இந்த மீனின் வலிமையால் என்று சொன்னால் வங்க நண்பர்கள் மகிழ்வார்கள்.

மற்றொரு கிளை முழங்காலின் வெளிப்புறம் சற்றே கீழே, சிற்றெலும்பின் கழுத்தைச் சுற்றித் தோலுக்கு அடியிலேயே ஓடும். முன்கால் தசைகளை ஏவிப் பாதத்தை மேலே தூக்குவது அதுவே. குந்தியிருந்தோ கால்மேல் கால் போட்டோ நெடுநேரம் இருந்தால் கால் மரத்துப்போவதும் பெரும்பாலும் அங்கே அழுந்துவதாலேயே. தொழுநோய் தாக்கும் இடங்களுள் அதுவும் ஒன்று. தாக்கினால் பாதம் தொங்கிப்போய், நடக்கையில் விரல்கள் தரையில் இழுபடும்.

இவ்விடத்தில் நம் வேலூர் நினைவுக்கு வருகிறது. கொல்லிமலையில் வளர்ந்த ஆங்கிலேயரான பால் பிராண்ட், 1946இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளரின் விரல்கள் சதை அழுகி உதிர்கின்றன என்று உலகம் நம்பியிருந்தது. நரம்பு மாண்டதால் வலி தெரியாமல், தீயும் கல்லும் செய்த காயங்களே அவை என்று அவர் காட்டினார். தொங்கும் பாதத்துக்குக் கெண்டையின் ஆழத்தில் உள்ள தசை ஒன்று உதவியது. அதற்கு ஏவல் தருவது முன்னர் நாம் கண்ட வேறு கிளை. அத்தசைக்குச் செல்லும் அதன் பகுதி பெரும்பாலும் நோய்க்குத் தப்புவது. அத்தசையின் நாணைப் பாதத்தின் மேற்புறத்துக்கு மாற்றிக் கட்டினர். கீழே அழுத்தி வந்த தசை மேலே தூக்கக் கற்றது. நரம்பையும் நாணையும் ஒன்றென மயங்கியிருந்தால் இச்சிகிச்சை தோன்றியே இராது.

தசை கெடாமலேயே கால் வாடும் நோயும் உண்டு. இளம்பிள்ளைவாதக் கிருமி முதுகுத்தண்டில் ஏவல் தரும் அணுக்களைக் கொல்கிறது. தொடு உணர்ச்சி இருக்க, கால் மட்டும் சூம்புகிறது. இந்தியாவில் அக்கிருமியின் இயற்கை வகையால் தாக்குண்ட கடைசிக் குழந்தை, ஹூக்ளிக்கு அக்கரையில் ஹௌரா மாவட்டத்தில் 2011 ஜனவரி 13இல் நோயுற்ற சிறுமி. 2014 மார்ச் 27இல் நாடு அந்நோயினின்றும் விடுபட்டதென அறிவிக்கப்பட்டது.

தமிழில் இவற்றுக்குத் தனித்தனிப் பெயர் வேண்டுமென முதன்முதல் பெருமுயற்சி செய்தவர்களுள் ஒருவர் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன். 1847இல் வந்தார், தமிழ் கற்றார், உடற்கூற்றை 'அங்காதிபாதம்' என்று பெயரிட்டு, மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழில் தந்தார், தமிழிலேயே மாணவர்க்குக் கற்பித்தார். மதுசூதனர் வடமொழியில் செய்ததை அவர் நம் மொழியில் செய்தார். அந்நூலைத் தேடிப் படித்தவர் நம்முள் எத்தனை பேர்?

சென்ற தைப்பொங்கல் கூட்டத்தில் அப்பெரியவரைக் கண்டோம். கால் எப்படி என்று வினவினோம். கெண்டையைத் தடவிக்காட்டி, "இது சிரை," என்றார். பிறகு குனிந்து குதிகாலைத் தொட்டு, "இது நாண். நரம்பைத் தொட்டுக் காட்ட எனக்கு வராது, அதை நீங்கள் காட்டுங்கள்" என்றார்.